தவிடு பிடித்த பிள்ளைகள்

மில் தெருவில் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. முன்னால் பிறந்தவை தங்காமல் போன வீட்டில், பின்னால் பிறந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து, அவளிடம் ஒரு படித் தவிட்டை முந்தானையில் ஏந்தி வாங்கிக்கொண்டு, "இனிமே இது எம்புள்ள இல்ல, உம்புள்ள" என்று எமன் காதில் விழுகிற மாதிரி நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லிவிட்டு, அவன் வந்து பார்த்து வீடு தெரியாமல் திரும்பிப் போனதும், அதே தவிட்டை அதே படியில் திருப்பி அளந்து கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். காலையில் விற்றால் மத்தியானச் சோற்றுக்குப் பிள்ளை வீட்டில் இருக்கும். அப்படி விற்கப்பட்டவர்கள் இன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள். ஒரு படித் தவிடு பெறாத பேச்சு.

தையல்நாயகி விற்றது அப்படி இல்லை. அவள் மஸ்கட்டுக்குப் போவதற்காக விற்றாள்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மில்லில் அரிசி புடைத்துக்கொண்டு, மூத்தவள் வெண்ணிலாவையும், இடையில் ரெண்டு தங்காமல் போய் அதற்குப் பின் பிறந்த கபிலனையும் எப்படியோ கரையேற்றிக்கொண்டிருந்தவள்தான். புயல் வந்து கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. ஏஜெண்டு ஒருவன் மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை, ரெண்டு வருஷம், போனால் வீட்டுக்குத் தளமே போட்டுவிடலாம் என்றான். பிள்ளைகளை எங்கே விடுவது? கொழுந்தன்மார் ரெண்டு பேர். ஒருவனுக்கு மாமியார் வந்திருந்தாள், இன்னொருவனுக்கு மாடு கன்று போட்டிருந்தது. கேட்கப் போன அன்றைக்குத்தான் இதெல்லாம் நடக்கும்.

"நான் என்னடி, செத்தா போயிட்டேன்?" என்றாள் குமுதவல்லி.

குமுதவல்லி ஒட்டுச்சுவர் வீட்டுக்காரி. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் படம் ஆடும். தையலைவிட ஐந்தாறு வயது மூத்தவள், மில்லில் பக்கத்து முறம், பிள்ளை இல்லாதவள். சின்னப் பெண்ணாக இருந்தபோது மில்லின் பெல்ட் அறுந்து அடித்ததில் இடது புருவம் ரெண்டாக வெட்டுப்பட்டு, அந்தத் தழும்பு அவள் சிரிக்கும்போதெல்லாம் தனியாக ஒரு பக்கம் சிரிக்கும். தையலுக்குப் பிரசவம் பார்க்க ஓடினவளும் அவள்தான், தாலி அறுத்த அன்றைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வாய் காப்பியை ஊட்டினவளும் அவள்தான். கூடப் பிறந்திருந்தால்கூட இவ்வளவு ஒட்டியிருக்க மாட்டார்கள் என்று தெருவே சொல்லும்.

"கடல் தாண்டிப் போறவ சும்மா விட்டுட்டுப் போனா புள்ளைங்க ஏக்கம் பிடிச்சுப் போயிடும். ஏற்கெனவே ரெண்டைக் குடுத்தவ நீ. என்கிட்ட தவிட்டுக்கு வித்துட்டுப் போ, நீ வந்ததும் தவிட்டை வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம திருப்பிக் குடுத்துடறேன். என் மேல நம்பிக்கை இருக்குல்ல?"

"என்னக்கா இப்படிக் கேக்குற" என்று தையல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. புள்ளைங்ககிட்ட ரெண்டு வருஷம்னு சொல்லித் தொலைச்சுடாதே. காலைக் கட்டிக்கிட்டு அழும், உனக்கும் போக மனசு வராது. சாயங்காலம் வந்துடுவேன்னு சொல்லிட்டுக் கெளம்பு. மத்ததை நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்."

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், கையெழுத்துப் போட ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று கேட்டதால் வக்கீலிடம், தையல் திரும்பி வரும்வரை குமுதவல்லி பொறுப்பு என்று ஒரு பத்திரமும் எழுதினார்கள். அது பள்ளிக்கூடத்து மேசைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. தெரு மதித்தது தவிட்டைத்தான்.

மில் முற்றத்தில் வைத்து அளவுகாரர் காத்தமுத்து அளந்தார். அவர் அளந்தால் அளந்ததுதான். படியைக் கோபுரமாகக் குவித்து, மேலே ஒரு பலகையை வைத்து இழுத்துத் தலைதட்டி, ஒரு பொட்டுக் கூடக்குறைய இல்லாமல் தையலின் முந்தானையில் கொட்டினார். "இனிமே இது ரெண்டும் எம்புள்ளைங்க இல்ல" என்று தையல் சொல்லி முடித்து நிமிர்ந்தபோது, வெண்ணிலாவுக்கும் அவள் இடுப்பில் இருந்த கபிலனுக்கும் குமுதவல்லியின் முகம் வந்திருந்தது. அவளுடைய அகல நெற்றி, அவளுடைய தூக்கின மோவாய், எங்கேயும் விழுந்தறியாத ரெண்டு பிள்ளைகளின் இடது புருவத்திலும் பெல்ட் அடித்த தழும்பு. தையலிடமிருந்து ரெண்டுக்கும் வந்திருந்த, எத்தனை எண்ணெய் வைத்து இழுத்துச் சீவினாலும் படியாத அந்த நெற்றிச் சுழி இருந்த இடம் தெரியவில்லை.

"தவிடு பிடிச்சிடுச்சு" என்றார் காத்தமுத்து, அம்மை குத்தினது பிடித்துவிட்டது என்று நர்சம்மா சொல்வதுபோல. எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

தையல் மட்டும் பிள்ளைகளின் நெற்றியைத் தடவித் தடவிப் பார்த்தாள். குமுதவல்லி அவள் முதுகைத் தட்டினாள். "நல்லதாப் போச்சுடி. எமனே வந்தாலும் அடையாளம் தெரியாது. தவிட்டை அளந்து குடுத்தா மூஞ்சி தானா திரும்பிடப்போகுது, போ."

பச்சைத் தவிடு நாலு நாள்கூடத் தாங்காது, சிக்கு வாடை அடித்துப் புழு வைத்துவிடும். பதமாக வறுத்து வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். இது மில் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தையல் வீட்டுக்கு வந்து இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, இளந்தீயில் அந்த ஒரு படித் தவிட்டையும் கைவிடாமல் கிளறி வறுத்தாள். குமுதவல்லியின் முகத்தோடு வெண்ணிலா வந்து அடுப்படியில் நின்றாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பது மாதிரிப் பார்ப்பது அவள் வழக்கம்.

"எதுக்கும்மா வறுக்குற?"

"சும்மாடி."

"சாயங்காலம் வந்துடுவேல்ல?"

"வந்துடுவேன்டி, நச்சரிக்காதே. போய்த் தண்ணி எடுத்துட்டு வா."

வறுத்த தவிட்டை ஆறவைத்து, பழைய தலையணை உறையில் கொட்டி வாயைத் தைத்து, பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, தையல் மத்தியான பஸ்ஸில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவோம் என்று பயம்.

தெருவுக்கு இது பழகிப்போக அப்படியொன்றும் நாளாகவில்லை. டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அடுத்த பெயரை வாசித்தார். முடிவெட்டுகிறவர் கபிலனுக்குச் சுழி இல்லாமல் போனதால் கிராப்பு சுலபமாக வருகிறது என்று சந்தோஷப்பட்டார். ரேஷன் கடைக்காரர் விரல் ரேகை சரியாக இருக்கிறதா, அப்புறம் என்ன என்றார். குமுதவல்லியின் புருஷன் சாமிக்கண்ணு லாரி லோடு இறக்கிவிட்டு வந்தவர், திகைத்துப்போய் ரெண்டு பிள்ளைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "எஞ்சாடை ஒண்ணுமே வரலையே" என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார். "தவிடு குடுத்தது நீயாய்யா?" என்று தெரு அவரைத் தேற்றியது.

அதற்கப்புறம் வந்தது பாருங்கள் ஒரு பைத்தியம்! மூக்கு சரியில்லாத பிள்ளையை மூக்கழகியிடமும், கறுத்த பிள்ளையைச் சிவத்தவளிடமும் விற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். மில் கணக்குப்பிள்ளையின் பெண்டாட்டி தன் மகளை நர்சம்மாவிடம் விற்றாள்; மூக்கு கத்தி மாதிரி வந்தது, கூடவே நர்சம்மாவின் தெத்துப்பல்லும் வந்தது. ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு தவிட்டைத் திருப்பி அளக்கிற அவசரத்தில் தும்மினாள், ஒரு சிட்டிகை பறந்தது, மூக்கும் பல்லும் அசையவில்லை. வேறு தவிட்டை அள்ளிப் போட்டாள், ஊஹூம். கடைசியில் மில் முற்றத்தில் மண்டியிட்டு, ஈர விரலால் அந்தச் சிட்டிகையை ஒற்றி ஒற்றி எடுத்துப் படியில் தட்டின பிறகுதான் மகளுக்குத் தன் சப்பை மூக்கு திரும்பி வந்தது. அன்றையோடு தெருவில் அந்த ஆட்டம் நின்றது.

மஸ்கட்டில் தையல் அந்தத் தவிட்டின் மேல்தான் தலை வைத்துப் படுத்தாள். அந்த வீட்டுப் பையன் தலையணையை எடுத்து எறிந்து விளையாடியபோது பெற்ற பிள்ளையைப் பிடுங்குவது போலப் பிடுங்கினாள். தைத்த நூல் பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ராத்திரியும் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை லீவில் வீடியோவில் கூப்பிட்டால் திரையில் குமுதவல்லியின் முகங்கள் மூன்று வரும். ஆரம்பத்தில் ரெண்டு சின்ன முகங்களும் அழுதன. அப்புறம் அழவில்லை. அப்புறம் பெரிய முகம் மட்டும் வந்து, புள்ளைங்க ட்யூஷன் போயிருக்கு, புள்ளைங்க தூங்குது என்றது.

"எல்லாம் பக்குவமாச் சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன்டி. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அக்கா இல்லாவிட்டால் என் கதி என்ன என்று நினைத்து தையல் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போவாள்.

ரெண்டு வருஷமும் ஓடியது. பால்பவுடர் டப்பாவும் மிட்டாயும் கோடாரித் தைலமும் பூப்போட்ட போர்வையுமாக அவள் மில் தெரு முனையில் ஆட்டோவை விட்டு இறங்கினபோது தெருவே கூடிவிட்டது. தையல் யாரையும் பார்க்கவில்லை. குமுதவல்லியின் வாசலில் நின்றிருந்த பிள்ளைகளைத்தான் பார்த்தாள். கபிலன் வளர்ந்திருந்தான். கையை நீட்டினாள், அவன் குமுதவல்லியின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இவங்க?" என்றான்.

"பரவால்ல, பரவால்ல" என்று தையல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அளந்துட்டா சரியாயிடும். காத்தமுத்து அண்ணே, படியை எடுங்க."

அதே முற்றம், அதே படி. தலையணையின் வாயைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். தவிடு வறுத்த மணம் மாறாமல் பொன்னிறமாக இருந்தது, ஒரு வண்டு இல்லை. காத்தமுத்து கொட்டினார், தட்டினார், பலகையை எடுத்தார், எடுத்த பலகையைத் திரும்பக் கீழே வைத்தார்.

"குறையுதும்மா."

"குறையாதுண்ணே! அமுங்கியிருக்கும்."

"அமுங்கினா விரக்கடை குறையும். இது—"

"ஒரு கைப்பிடி" என்றாள் குமுதவல்லி. அவள் படியைப் பார்க்கக்கூட இல்லை, கபிலனின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

தையல் தலையணை உறையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள், உதறினாள், தைத்த ஓரங்களை நகத்தால் சுரண்டினாள். பெட்டியைக் கவிழ்த்தாள், மிட்டாயெல்லாம் முற்றத்தில் உருண்டது, யாரும் பொறுக்கவில்லை. மில்லுக்குள் ஓடிப் புதுத் தவிடு ஒரு பிடி அள்ளிவந்து போட்டுப் படியை நிறைத்தாள். பிள்ளைகளின் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. "மூஞ்சி எவ மூஞ்சியா இருந்தா என்ன, நான் பெத்ததுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கபிலனின் கையைப் பிடித்து இழுத்தாள். பையன் வீல் என்று கத்தினான். "அளவு முடியாம புள்ளையத் தொடாதே தையலு" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அவளோடு ஒரே சட்டியில் கூழ் குடித்தவர்கள்தான். தலைமையாசிரியரும் வந்திருந்தார். பையனின் புருவத்தையும் குமுதவல்லியின் புருவத்தையும் பார்த்துவிட்டு, "பத்திரம் உங்க பக்கம்தாம்மா இருக்கு, ஆனா இந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நீங்க எந்தக் கோர்ட்ல போய் நிப்பீங்க?" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

அப்போது வெண்ணிலா வீட்டுக்குள் போய் ஒரு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். திறந்து காட்டினாள். உள்ளே, பொன்னிறமாக வறுத்த தவிடு, ஒரு கைப்பிடி.

"எஞ்சாமி!" என்று தையல் கத்திவிட்டாள். "என் கண்ணே! நீயாடி எடுத்து வச்சிருந்த? குடுடி, குடுடி தங்கம்!"

வெண்ணிலா கொடுக்கவில்லை. "அன்னைக்கு அடுப்புலேர்ந்து எறக்கி ஆறவச்சியே, அப்ப எடுத்தேன். எதுக்கு வறுக்குறன்னு கேட்டேன், சும்மாடின்னு சொன்ன. சாயங்காலம் வர்றவ எதுக்கு வறுக்கணும்? தவிடு குறைஞ்சா உனக்குத் தெரிஞ்சிடும், பாதி வழியில திரும்பி வந்துடுவேன்னு நெனச்சு எடுத்தேன். பஸ் ஸ்டாண்டுல கையில வச்சிக்கிட்டே நின்னேன். எல்லா பஸ்ஸும் வந்துச்சு."

தையல் நீட்டிய கையை மடக்கினாள். "பெரியம்மா உங்கிட்ட சொல்லலியாடி? நான் எதுக்குப் போனேன், எப்ப வருவேன்னு..."

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றாள் வெண்ணிலா. அந்த 'அம்மா' தன்னைத்தான் என்று ஒரு கணம் தையல் நிமிர்ந்தாள். பெண் பார்த்தது குமுதவல்லியை. "உங்கம்மா உங்களை வித்துட்டுப் போயிட்டா, ஊரே பாத்துச்சுல்ல, நீயும் பாத்தேல்லன்னு சொன்னாங்க. இதைக் காட்டினேன். பத்திரமா வச்சுக்க, ஒருநாள் கேட்டு வருவான்னு சொன்னாங்க."

அப்போதுதான் தையலுக்குப் படியைப் பார்க்காமலேயே ஒரு கைப்பிடி என்று சொன்ன குரல் திரும்பக் கேட்டது. ரெண்டு வருஷமாக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், தவிடு பத்திரமா இருக்காடி என்று விசாரித்த குரல். இவளுக்கா என் ஈரக்குலையை அறுத்துக் கொடுத்தேன் என்று குமுதவல்லியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"சொல்லாம போன்னு சொன்னதே அவதான்டி! கேளு அவளை! அக்கா, எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு, நீ சொன்னியா இல்லியா?"

குமுதவல்லி அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "நான் எதுக்குடி அப்படிச் சொல்லப் போறேன்? பெத்த புள்ளைங்ககிட்ட பொய் சொல்லுன்னு யாராச்சும் சொல்லிக் குடுப்பாங்களா?" கண் கலங்காமல், குரல் நடுங்காமல், புருவத் தழும்பு கொஞ்சம்கூட அசையாமல் சொன்னாள். தெரு அவளைப் பார்த்துத் தலையாட்டியது, பிறகு தையலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீ சும்மாடின்னு சொன்னது நெசந்தானே?" என்றாள் வெண்ணிலா.

ஆமாம் என்று தையல் தலையாட்டினாள்.

பெண் ஜாமெட்ரி பாக்ஸைக் கவிழ்த்தாள். முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த குமுதவல்லியின் செங்கோழி சிறகடித்து ஓடிவந்தது. தையல் மண்ணில் விழுந்து ரெண்டு கையாலும் வழித்தாள். கோழி அவள் விரலோடு சேர்த்துக் கொத்தியது. அவள் கையில் மண்தான் வந்தது. காத்தமுத்து படியில் இருந்ததை உறையில் திருப்பிக் கொட்டி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார். எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

தையல் எழுந்து, தவிட்டைச் சுமந்துகொண்டு, பூட்டிக்கிடந்த தன் வீட்டுக்கு நடந்தாள். பின்னால் சரசரவென்று சத்தம். செங்கோழி. "ச்சூ" என்றாள், போகவில்லை. ஒரு கல்லை எடுத்து வீசினாள். ஒதுங்கி நின்றுவிட்டுத் திரும்பவும் வந்தது. கதவைத் திறந்ததும் அவளுக்கு முன்னால் உள்ளே போய், பழைய அடுப்படியில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. அதன் நெற்றியில், கொண்டைக்குக் கீழே, இறகு சுழித்துக்கொண்டு நின்றது. தையல் எச்சிலைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். படியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து குரலெடுத்து அழுதாள். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் படங்கள் ஆடியிருக்கும். அழுது முடித்து, உறையைக் கவிழ்த்து மிச்சத் தவிட்டையும் அதன் முன்னால் கொட்டினாள். "தின்னு. நீயாவது தின்னு. உங்கிட்ட நான் பொய் சொல்லல."

பொழுது சாய்கிற நேரத்துக்குக் குமுதவல்லி வாசலில் நின்று பா பா பா என்று கோழியைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெண்ணிலா பின்னால் வர, இந்த வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கோழி இங்க வந்துச்சாடி?"

தையல் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஒரு படித் தவிடு தின்னிருக்குக்கா. அதே தவிட்டைக் கொண்டாந்து, தலைதட்டி அளந்து குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போ."

குமுதவல்லி வாசற்படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். அவள் தோளுக்குப் பின்னால் இருந்து வெண்ணிலா கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதன் நெற்றியை. அவளையறியாமல் அவள் கை எழுந்து தன் நெற்றியைத் தடவிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை.